293318625600 (எண்)

293318625600 (இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு) என்பது ஓர் உயர் பகு எண் ஆகும். கணித மேதை சீனிவாச இராமானுசன் 1915-இல் வெளியிட்ட உயர் பகு எண்களின் பட்டியலில் விடுபட்டுப்போன எண் என்பதால் இது குறிப்பிடத்தக்கது.

உயர் பகு எண்

தன்னைவிடச் சிறிய எந்த இயல் எண்ணைக் காட்டிலும் கூடுதலான வகுஎண்களைக் கொண்ட எண் உயர் பகு எண் எனப்படும். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60 ஆகியவை முதல் ஒன்பது உயர் பகு எண்கள். எடுத்துக்காட்டாக, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைந்த 60 மூட்டைக் கம்பை 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 பேருக்கு மூட்டை பிரிக்காமல் சமமாகப் பங்கிடலாம். 61 மூட்டை என்றால், 61 பகா எண் ஆதலால், இவ்வாறு பங்கிட இயலாது. 1, 60 ஆகியவற்றையும் சேர்த்து 60-க்கு 12 வகுஎண்கள் உள்ளன. 60-க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் 12 வகுஎண்கள் இல்லை.

பகாக் காரணிகள்

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை கிடைக்கும். 2-இன் அடுக்கை 0 முதல் 6 வரை 7 வழிகளில் தேர்ந்தெடுக்கலாம்; மற்றவையும் இவ்வாறே.

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

பண்புகள்

- 1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும். 23-ஆல் வகுபடாது.
- முழு வர்க்கம் அன்று. எனவே இதன் வகுஎண்கள் 2520 சோடிகளாக அமைகின்றன. 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச்சிறிய எண்ணும் 2520 தான்.
- இதன் வகுஎண்களின் எண்ணிக்கையான 5040-உம் ஓர் உயர் பகு எண்ணே. 5040-க்கு 60 வகுஎண்கள், 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. இவை அனைத்தும் உயர் பகு எண்கள்.

இராமானுசனின் பட்டியல்

இராமானுசனின் ஆய்வுக் கட்டுரை 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. இந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. கணினி இல்லாத அக்காலத்தில் 6746328388800 வரையிலான 102 உயர் பகு எண்களை அவர் பட்டியலிட்டார். அவற்றுள் 293318625600 இடம்பெறவில்லை.

எனினும் அவர் நிறுவிய தேற்றங்களுக்கு இதனால் குறைவில்லை. உயர் பகு எண்ணின் பகாக் காரணிகள் 2 முதல் இடைவெளியின்றித் தொடர வேண்டும். அடுக்குகள் கூடிச் செல்லக் கூடாது. 4, 36 தவிர மற்றவற்றில் கடைசி அடுக்கு 1 ஆக இருக்க வேண்டும். விடுபட்ட இந்த எண்ணின் அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. பட்டியலில் தவறிய எண்ணும் அவர் வகுத்த விதிகளுக்குச் சரியாகப் பொருந்துகிறது.