தை மாதக் கூலியும் மாசி மாதத் தீயும்

மலையடிவாரத்துச் சங்கங்களை ஆய்வு செய்யப் போகும்போதெல்லாம், பேரேட்டில் எழுதப்படாத கணக்கு ஒன்றை மலையின் முகத்தில் காண்கிறோம். தை பிறந்ததும் சரிவுகளில் புல் பழுக்கத் தொடங்குகிறது. மாசியில் அது வைக்கோலாகிறது. அதன்பின் இரவு நேரங்களில் மலைமேல் நெருப்புக் கோடு ஒன்று மெல்ல நகர்வதைப் பல ஊர்களில் காணலாம். சாலையில் பஸ்ஸுக்காக நிற்பவருக்கு அது ஒரு வேடிக்கை. மேலே நான்கு ஏக்கர் இலவ மரமும் காபியும் வைத்திருக்கும் அங்கத்தினருக்கோ அது ஓர் ஆண்டின் உழைப்பு. அந்த வழியே நடந்து வருகிறவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

காட்டுத் தீ வனத்துறையின் வேலை, தீயணைப்புத் துறையின் வேலை. கூட்டுறவுச் சங்கத்திற்கு அதில் என்ன பங்கு என்று சிலர் கேட்கக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் தவறு என்பதை எவ்வாறு உணர்ந்தோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே குரங்கணி மலையில் நேர்ந்த துயரத்தைத் தமிழ் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு குழுவினரும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து மற்றொரு குழுவினரும் மலையேற்றத்திற்காக வந்திருந்தனர். அவர்களில் பெண்கள் பலர். கேரள எல்லையை ஒட்டிய கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குரங்கணியை நோக்கி அவர்கள் இறங்கிக் கொண்டிருந்தபோது, காய்ந்த புல்வெளியில் பற்றிய தீ அவர்களைச் சூழ்ந்து கொண்டது. ஒன்பது பேர் மலையிலேயே மாண்டனர். தேனியிலும் மதுரையிலும் மற்ற ஊர்களிலும் உள்ள மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களிலும் வாரங்களிலும் உயிர் நீத்தனர். மாண்டவர் தொகை இருபதைக் கடந்தது. நெசவுக்கும் பின்னலாடைக்கும் பெயர்பெற்ற ஊர்களின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தனர் என்பதால், மலையில் எரிந்த தீ சமவெளித் தறிக்கூடங்களிலும் துக்கத்தை உண்டாக்கியது.

அன்று முதலில் உதவிக்கு ஓடியவர்கள் யார்? விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. கமாண்டோ வீரர்கள் இறங்கினர். தீயணைப்புப் படையினரும் காவல்துறையினரும் வனத்துறையினரும் இரவு முழுவதும் பாடுபட்டனர். அவர்களுக்கு நாடு நன்றிக் கடன்பட்டுள்ளது. ஆனால் அபயக் குரல் கேட்டதும் மலைமேல் ஏறியவர்கள் குரங்கணியையும் சுற்றியுள்ள மலைக் குடியிருப்புகளையும் சேர்ந்த சாதாரண மக்கள். காயம்பட்டவர்களைப் போர்வையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு, இருட்டில், கல்லும் பள்ளமுமான ஒற்றையடிப் பாதையில் இறங்கியவர்கள் அவர்களே. அந்தப் பாதையை அவர்கள் காலறிந்தவர்கள். எந்த இயந்திரமும் அந்த அறிவுக்கு ஈடாகாது.

மலைத் தீயின் இயல்பைச் சற்று விளக்குவது நலம். சமவெளியில் வைக்கோற்போர் எரிந்தால் நாம் விலகி நிற்கலாம். மலைச் சரிவில் அவ்வாறு முடியாது. சரிவில் எரியும் தீயின் சுடர், மேலே இன்னும் எரியாத புல்லின் பக்கம் சாய்கிறது. அந்த வெப்பத்தில் மேலுள்ள புல் முன்னதாகவே உலர்ந்து, சுடர் தொட்டதும் பற்றிக் கொள்கிறது. சரிவு கூடக்கூட வேகமும் கூடுகிறது. பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி வீசுவதால் அது தீக்குத் துணையாகிறது. ஆகையால் தீக்கு மேலே நிற்பவன் இன்னும் மேலே ஓடித் தப்புவது அரிது. பக்கவாட்டில் விலகி, வெறும் பாறையையோ ஓடையையோ முன்பே எரிந்து முடிந்த நிலத்தையோ அடைவதே வழி. இதை மலைவாசிகள் அறிவார்கள். நகரத்திலிருந்து வந்தவர் அறியமாட்டார்.

இன்னொன்றை நெசவாள அன்பர்கள் கவனிக்க வேண்டும். பாலியெஸ்டர் துணி தீயின் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக் கொள்கிறது. பருத்தி கருகுமேயன்றி உருகாது. தீயணைக்கப் போகிறவன் உடலில் தடித்த பருத்திச் சட்டை இருப்பதற்கும் உருகும் துணி இருப்பதற்கும் வேற்றுமை மிகப் பெரிது.

தண்ணீர் பாய்ச்சி மலைத் தீயை அணைக்கலாம் என்பது பெரும்பாலும் கனவு. வண்டி ஏறாத இடத்திற்குத் தண்ணீர் எவ்வாறு ஏறும்? பச்சைக் கிளைகளை ஒடித்து அடிப்பதும், தீ வரும் வழியில் புல்லைச் செதுக்கி மண்ணை வெளிக்காட்டுவதும், தேர்ந்தவர்கள் எதிர்த்தீ வைத்து இடைவெளி உண்டாக்குவதுமே நடைமுறை. இதுவும் ஆபத்தில்லாத வேலையன்று. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் கொற்றம்பத்தூர் என்னுமிடத்தில் தீயை அடக்கச் சென்ற வனக் காவலர்கள் மூவர் அத்தீக்கே இரையாயினர். எனவே மாசியில் தீயோடு போராடுவதைவிடத் தையில் புல்லோடு போராடுவதே அறிவுடைமை. பத்து ஆட்கள் சில நாட்கள் செதுக்கிய தீத்தடுப்புக் கோடு, நூறு ஆட்கள் ஓரிரவு படும் பாட்டை மிச்சப்படுத்தும்.

இங்கே நமது சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியவர்களாகிறோம்.

குரங்கணித் துயரம் நிகழ்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், இலவமும் மாவும் காபியும் விளைவிப்போரின் சிறு சங்கம் ஒன்றை ஆய்வு செய்தோம். செலவுச் சீட்டுகளுக்கிடையில், 'தோட்டத்து ஓரமும் பாதையும் புல் செதுக்கிய கூலி' என்று சில ஆயிரம் ரூபாய் எழுதப்பட்டிருந்தது. துணைவிதிகளைப் புரட்டினோம். விற்பனைக்கும் கடனுக்கும் விதி இருந்தது; புல் செதுக்க விதி இல்லை. சங்கத்தின் நோக்கத்திற்குப் புறம்பான செலவு என்று ஆட்சேபணைக் குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டோம். செயலாளர் ஒன்றும் பேசவில்லை. நிர்வாகக் குழுவில் இருந்த முதியவர் ஒருவர் மட்டும், "ஐயா, இது பாதைக்கான காசு. பாதை போனால் சரக்கும் போகும்" என்றார். "விதியில் இடமில்லையே, பெரியவரே" என்று பதில் சொல்லிவிட்டு பஸ் ஏறினோம்.

மறு ஆண்டு அவர்கள் செதுக்கவில்லை. மாசிக் கடைசியில் தீ வந்தது. அதிருஷ்டவசமாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வேலிகள் எரிந்தன. காய் முற்றி வெடிக்கும் தறுவாயிலிருந்த இலவ மரங்கள் பல கருகின. இலவம் பஞ்சு தீயை எவ்வளவு விரைவில் பற்றும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தீ அணைந்த பின்பும் பல நாட்கள் பாதை அடைபட்டுக் கிடந்தது. எரிந்த மரங்கள் குறுக்கே விழுந்தன. வேர்ப்பிடிப்பு இழந்த கற்கள் உருண்டன. மேலே இருந்த காபி மூட்டைகள் கீழே வரவில்லை. மேல் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு இறங்கி வரும் சிறுவர்கள் வரவில்லை. அந்த ஆண்டு அச்சங்கத்தில் தவணை தவறிய கடன்களின் பட்டியலை நாமே தயாரித்தோம். ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது முதியவரின் சொல் நம் செவியில் ஒலித்தது. விதியை நாம் சரியாகவே படித்தோம். ஆனால் விதி எதற்காக உள்ளது என்பதைப் படிக்கவில்லை.

மலைநாட்டில் பாதையே வாழ்வு. குரங்கணிப் பக்கத்தின் பழைய வரலாறே இதற்குச் சான்று. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத் தொட்டிகளில் கோட்டகுடிப் பக்கம் இறங்கி, பின்னர் போடிக்குச் சென்றது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்தது. அதன்பின் ரயில் மீண்டும் எழவில்லை. சரக்கு வேறு வழி தேடிக்கொண்டது. ஒரு பாதை அழிந்தால் ஓர் ஊரின் வரவு செலவே மாறிவிடும்.

2018க்குப் பின்னர் நடந்ததும் அதுவே. மலையேற்றம் தடை செய்யப்பட்டது. அந்நிலையில் அது அவசியமானதே. ஆயினும் வழிகாட்டிகளும் ஜீப் ஓட்டுநர்களும் டீக்கடைக்காரர்களும் வருவாய் இழந்தனர். அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு வகுத்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டம் 40 பாதைகளுடன் தொடங்கப்பட்டது. உள்ளூர் இளைஞர்களும் பழங்குடி மக்களும் அதில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாகச் செல்கின்றனர். தீக்காலத்தில் நடை நிறுத்தப்படுகிறது. பாதையை அறிந்தவனிடமே பயணியின் உயிரை ஒப்படைப்பது நல்ல மாறுதல். இதே நியாயத்தைத் தீத்தடுப்பிலும் கைக்கொள்ள வேண்டும் என்பதே நமது வாதம்.

வடக்கே குமாவோன் மலைநாட்டின் அனுபவம் நமக்குப் பாடமாக உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1911 முதல் 1917 வரை, அங்குள்ள காடுகள் பெரும்பாலும் காப்புக்காடுகளாக்கப்பட்டன. புல்லுக்கும் விறகுக்கும் அவற்றையே நம்பியிருந்த கிராமத்தார் கொதித்தெழுந்தனர். 1921இல் பல இடங்களில் காடுகள் தீக்கிரையாக்கப்பட்டன. தன்னுடையது அல்ல என்று ஆகிவிட்ட காட்டை அணைக்க யாரும் ஓடி வரவில்லை. இறுதியில் அரசு இறங்கி வந்து, 1931இல் வன பஞ்சாயத்து விதிகளை வகுத்து, காட்டின் ஒரு பகுதியைக் கிராமத்தின் கூட்டுப் பொறுப்பில் விட்டது. அவ்வகைப் பஞ்சாயத்துகள் உத்தராகண்டில் இன்றும் ஆயிரக்கணக்கில் உள்ளன. தீ அங்கே ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2016இலும் 2024இலும் அம்மாநிலம் கடுந்தீயைக் கண்டது. ஆயினும் அல்மோரா மாவட்டத்துச் சீதலாகேத் பகுதியில், கிராமப் பெண்கள் முன்னின்று, கோடை முற்றுவதற்கு முன்பே வயலோரக் குப்பையைப் பாதுகாப்பாக எரித்து முடிக்கிறார்கள் என்பதையும், தீ தோன்றினால் முதலில் செல்கிறார்கள் என்பதையும் நாடே கவனித்திருக்கிறது. உரிமை உள்ள இடத்தில் பொறுப்பும் தானே வருகிறது.

நம் மலைகளிலும் தீ பெரும்பாலும் மனிதர் கையிலிருந்தே பிறக்கிறது. அணைக்காத பீடி, சோறு பொங்கிய அடுப்பு, புதுப்புல் தழைக்க வேண்டும் என்று மேய்ச்சலுக்காக வைக்கும் நெருப்பு, தோட்டத்துச் சருகைக் காற்றடிக்கும் வேளையில் எரிப்பது ஆகியவையே மூலம். டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வாயிலாகத் தீயைக் கண்டறிந்து எச்சரிக்கை அனுப்புகிறது. அது பெரிய உதவி. எனினும் செயற்கைக்கோள் நம் மலையைக் கடந்து போகும் நேரம் வரை தீ காத்திருக்காது. முகட்டில் ஆடு மேய்ப்பவனின் கண்ணே முதற்கண்.

அங்கத்தினர்கள் என்ன செய்யலாம்? காப்புக்காட்டின் எல்லைக்குள் நாமாகப் புகுந்து ஒன்றும் செய்யலாகாது. அது வனத்துறையின் அனுமதியோடும் மேற்பார்வையோடும் நடக்க வேண்டியது. ஆனால் பட்டா நிலத்தின் ஓரத்தைச் செதுக்குவது நம் கையில் உள்ளது. மகாசபையைக் கூட்டித் தீத்தடுப்பைச் சங்கத்தின் நோக்கங்களில் ஒன்றாகச் சேர்த்துத் துணைவிதியைத் திருத்தி, முறைப்படி பதிவு செய்து கொள்ளலாம். பிறகு ஆய்வாளர் எவரும், நம்மைப் போல், ஆட்சேபணை எழுத இடமிராது. தை மாதத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைக்கலாம். வர இயலாத விதவையருக்கும் முதியோருக்கும் சங்கமே கூலி கொடுக்கலாம். வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைச் சங்கக் கட்டடத்தின் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். நெசவாளர் சங்கங்கள் தடித்த பருத்திச் சட்டைகளை நெய்து மலைச் சங்கங்களுக்கு அடக்க விலையில் அளிக்கலாம்.

சென்ற தை மாதத்தில் அதே சங்கத்திற்கு மீண்டும் சென்றோம். துணைவிதி திருத்தப்பட்டிருந்தது. கூலிச் சீட்டு ஒழுங்காக இருந்தது. முதியவர் நம்மைத் தோட்டத்து ஓரம்வரை அழைத்துச் சென்று, புதிதாகச் செதுக்கிய செம்மண் கோட்டைக் காட்டினார். "ஐயா, இதையும் ஒருமுறை ஆய்வு செய்துவிடுங்கள்" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. அக்கோட்டின் மீது அவரோடு ஒரு பர்லாங் தூரம் நடந்தோம். பின்னர் கீழிறங்கி, செலவுச் சீட்டில் கையொப்பமிட்டோம்.

தறியில் இழை ஒன்று அறுந்தால் அப்போதே முடி போடுகிறவனே நெசவாளி. முழுச் சேலையும் நெய்த பிறகு வருந்துகிறவன் அல்லன். மலையடிவாரத்துச் சங்கத்து அன்பர்கள் வரும் மகாசபையிலேயே இதனை ஆலோசித்து முடிவு செய்வார்களாக. தை மாதம் தொலைவில் இல்லை.