திரையில் விழுந்த மஞ்சட் கறை

2012ஆம் ஆண்டு மாசி மாதம். அக்கரைப்பற்று வயல்களிலே பெரும்போக வேளாண்மை வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நாம் அப்பொழுது படிப்பித்த பாடசாலையின் மண்டபத்திலே ஐம்பது அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியொன்று இருந்தது. கட்டாரிலே தொழில் பார்த்துத் திரும்பிய பழைய மாணவர் ஒருவரின் அன்பளிப்பு அது. இன்று சுவர்களிலே தொங்கும் தட்டைப் பெட்டி அன்று. அலமாரி போலப் பின்புறம் பருத்து, வயிற்றுக்குள்ளே விளக்கையும் வில்லையையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, திரையின் முதுகிலே படத்தை எறியும் ‘புறொஜெக்ஷன்’ வகையைச் சேர்ந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை பெட்டியைப் போட்டபொழுது, திரையின் வலது மேல் மூலையிலே தேநீர் சிந்தியது போன்ற மஞ்சட் கறை ஒன்று தெரிந்தது. திரையைத் துடைக்கும் பொறுப்பு பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு. “என்னத்தைப் போட்டுத் துடைத்தாய்?” என்று கேட்டோம். “வெறுந் துணியாலதான் சேர்” என்றான். நாம் நம்பவில்லை. வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, கடுமையாகவே ஏசிவிட்டோம்.

மறுநாட் காலை அவனுடைய தகப்பனார் வந்தார். வயலிலே கூலிக்கு வெட்டப் போகிறவர். சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து எமது மேசைமீது வைத்தார். “இது நாலு நாள் கூலி சேர். மிச்சத்தை வெட்டு முடிஞ்சதும் தாறன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிப் போடாதீங்க” என்றார். நாம் அந்தப் பணத்தை மறுத்தோமா? வெட்கத்தைவிட்டுச் சொன்னால், மறுக்கவில்லை. எண்ணிப் பார்த்து ஒரு கடிதவுறையில் இட்டு வைத்தோம்.

அன்று பிற்பகலே, சந்தைத் தெருவிலே றேடியோ திருத்தும் காக்கா ஒருவரை அழைத்துவந்தோம். புதிய திரைக்கு என்ன விலை என்று கேட்பதுதான் எமது எண்ணம். அவரோ விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. முதலில் பெட்டியை அணைத்தார். கைவிளக்கைத் திரையின் மீது சாய்வாகப் பிடித்துப் பார்த்தார். கறை இல்லை. பெட்டியைப் போட்டார், கறை வந்தது. “திரையில ஒண்டுமில்ல சேர். கோளாறு உள்ளுக்க” என்றார்.

அடுத்து அன்ரனாவைக் கழற்றிவிட்டு டீவீடிக் கருவியை இணைத்தார். கறை அசையவில்லை. ஆகவே ஒளிபரப்பின் குற்றமுமன்று. பிறகு செய்ததுதான் எம்மை வியக்க வைத்தது. எமது கணினியைக் கேட்டு வாங்கி இணைத்து, திரை முழுவதையும் முதலில் சிவப்பாக்கினார், சுத்தம். பச்சையாக்கினார், அதுவும் சுத்தம். நீலமாக்கியதும், அந்த மூலையிலே கறுப்பாக ஒரு நிழல் விழுந்தது!

இதன் தாற்பரியத்தை வாசகர்களுக்குச் சற்று விளக்குவது அவசியம். இவ்வகைப் பெட்டியிலே ஒரே விளக்கின் வெள்ளொளி, சில நிறங்களை மட்டும் தெறிக்கச் செய்யும் ஆடிகளாற் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு நிறமும் தனக்கென உள்ள சிறிய திரவப் பளிங்குத் தகட்டினூடாகச் செல்லும். தகட்டின் இருபுறமும் முனைவாக்கி எனப்படும் மெல்லிய படலங்கள் உண்டு. பின்னர் மூன்று நிறங்களும் ஓர் அரியத்திலே கூடி, வில்லையினூடே திரையை அடையும். திரையிலோ வில்லையிலோ அழுக்கிருந்தால் மூன்று நிறங்களுக்கும் அது பொதுவான வழி. மூன்றிலும் நிழல் விழவேண்டும். ஒரு நிறத்தில் மட்டும் விழுந்தால், நிறங்கள் கூடுவதற்கு முன்னர், அந்த நிறத்தின் தனி வழியிலேதான் பழுது. வெள்ளையிலிருந்து நீலம் குறைந்தால் எஞ்சுவது மஞ்சள் அல்லவா? பாடப்புத்தகத்திலே இதைப் பல தடவை படிப்பித்தவர்கள்தாம் நாம். மண்டபத்திலே அது எமது நினைவுக்கு வரவில்லை.

நீலத்தின் வழி முதலிற் கெடுவதற்கும் காரணமுண்டு. மூன்று நிறங்களுள் நீல ஒளிக்கே சக்தி அதிகம். அதனோடு வெப்பமும் சேர்ந்தால் முனைவாக்கிப் படலம் கருகத் தொடங்கும். காக்கா பெட்டியின் பின்புறத்திலிருந்த காற்று வலையைக் கழற்றிக் காட்டினார். வைக்கோல் தூளும், கச்சான் காற்று கொண்டுவந்த மணலும் கம்பளி போலப் படிந்து கிடந்தன. நூறு வாட்டுக்கு மேற்பட்ட விளக்கு எரியும் பெட்டிக்கு மூச்சுவிட வழியே இருக்கவில்லை. போதாக்குறைக்கு, மணி அடித்ததும் சுவரிலுள்ள ஆளியைப் படாரென்று அணைப்பது எமது வழக்கம். விளக்கு ஆறுமுன்னே விசிறி நின்றுவிடும். அப்படி அணைத்தவர் யார் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

எல்லாப் பெட்டிகளுக்கும் இதே நோய்தான் என்று கொள்ளலாகாது. மூன்று கதோட்டுக் கதிர்க் குழாய்கள் உள்ள பழைய எறிவுப் பெட்டிகளிலே, குழாய்களைக் குளிர்விக்கும் திரவம் கலங்கி நிறம் மங்குவதுண்டு. எழுத்துகளின் ஓரத்திலே சிவப்பும் நீலமும் விலகித் தெரிந்தால், மூன்று படங்களும் ஒன்றன்மேலொன்று சரியாகப் பொருந்தவில்லை என்பது பொருள். இலங்கையிலே 1979இல் தொலைக்காட்சி தொடங்கி, 1982இல் ரூபவாகினி வந்த பின்னர் வீடுகள் தோறும் பரவிய சாதாரணக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளின் கதை வேறு. அவற்றின் அருகிலே ஒலிபெருக்கியை வைத்தால் அதன் காந்தமே பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகளை உண்டாக்கிவிடும். ஒலிபெருக்கியை அகற்றி, பெட்டியைச் சில தடவை இடைவெளிவிட்டு அணைத்துப் போட்டால் பெரும்பாலும் மறையும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வோம். குழாய்ப் பெட்டிகளின் உள்ளே பல்லாயிரம் வோல்ற்று மின் அழுத்தம் உண்டு. அணைத்த பின்னரும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். விளக்குப் பெட்டிகளின் குமிழிலோ இரசம் உண்டு. காற்று வலையைத் தூசி தட்டுவது நமது வேலை. அதற்கு அப்பால் கை வைப்பது தெரிந்தவர் வேலை.

படலத்தை மாற்ற முடியுமா என்று கேட்டோம். அது ஒளியியற் பாகத்தோடு ஒன்றாகவே வரும் என்றும், தேடினாலும் கிடைக்காது என்றும் காக்கா கையை விரித்தார். சோனி நிறுவனம் இவ்வகைப் பெட்டிகளை 2008ஆம் ஆண்டோடு கைவிட்டிருந்தது. கடைசிவரை நின்ற மிற்சுபிஷியும் அந்த 2012ஆம் ஆண்டு முடிவிலேயே நிறுத்திக்கொண்டது. காக்கா கூலி வாங்கவில்லை. “அந்தப் புள்ளைக்கிட்டப் போய்ச் சொல்லுங்க சேர்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துவிச்சக்கர வண்டியில் ஏறினார்.

மாலையிலே கடிதவுறையோடு மாணவனின் வீட்டுக்குப் போனோம். தகப்பனார் வயலிலிருந்து திரும்பவில்லை. தாயார் கதிரையைத் துடைத்துப் போட்டார். நாம் விஷயத்தைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தோம். பையன் கதவோரத்திலே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். “வெள்ளிக்கிழம நான் துடைக்கக்குள்ளயே அது லேசா இருந்திச்சு சேர். பெட்டிய நிப்பாட்டினா இல்ல, போட்டா இருந்திச்சு” என்றான். காக்கா செய்த முதற் பரிசோதனையை இவன் நான்கு நாளைக்கு முன்னரே செய்திருக்கின்றான்! மறுநாள் முதல் மாணவர் கூட்டத்திலே, ஏசிய அதே வகுப்பின் முன்னால் நின்று, பிழை எம்முடையது என்று சொன்னோம். காற்று வலையைக் கிழமைக்கு ஒருமுறை தட்டும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்தப் பெட்டி அதன் பின்னரும் ஓராண்டுக்கு மேல் உழைத்தது. கறை போகவில்லை. டெஸ்ட் பந்தயம் நடக்கும் நாட்களிலே, வெள்ளை உடை தரித்த ஆட்டக்காரர் யாராவது பந்தைத் துரத்திக்கொண்டு அந்த மூலைக்கு வந்தால் மஞ்சள் உடைக்கு மாறிவிடுவார். திரும்பி ஓடினால் வெள்ளையாகிவிடுவார். அதைப் பார்ப்பதற்கென்றே பையன்கள் எல்லைக்கோட்டுக்குப் பந்து போகவேண்டும் என்று கூச்சலிடுவார்கள்.