வெர்மான்ட்டில் வசந்தகால மலை மிதிவண்டி ஓட்டம்

மலை மிதிவண்டி ஓட்டம் என்பது சாலையை விட்டு விலகி, காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் உள்ள மண் தடங்களில் மிதிவண்டி ஓட்டும் விளையாட்டு ஆகும். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலம் இவ்விளையாட்டுக்குப் பெயர் பெற்ற இடங்களுள் ஒன்று. அங்கு நீண்ட பனிக்காலம் முடிந்ததும் ஓட்டுநர்கள் காட்டுக்குத் திரும்ப ஆவலுடன் காத்திருப்பர். ஆனால் பனி உருகும் அந்த வாரங்களில்தான் காட்டுத் தடங்கள் மிகவும் பலவீனமாக இருக்கின்றன. எனவே வசந்தகாலத்தில் எப்போது ஓட்டலாம், எப்போது ஓட்டாமல் இருக்க வேண்டும் என்பதை அறிவது இவ்விளையாட்டின் முக்கியமான பாடமாகக் கருதப்படுகிறது.

மலை மிதிவண்டியின் அமைப்பு

சாதாரண மிதிவண்டியிலிருந்து மலை மிதிவண்டி சில வகைகளில் வேறுபடுகிறது. இதன் டயர்கள் அகலமானவை. பெரும்பாலும் 2 அங்குலத்துக்கு மேல் அகலமும், மண்ணைப் பற்றிக்கொள்ளும் முண்டுகளும் கொண்டவை. சாலைப் பந்தய வண்டியின் டயரைவிட இவற்றில் காற்று மிகக் குறைவாகவே அடைக்கப்படும். காற்று குறைவாக இருந்தால் டயர் கல்லின்மீதும் வேரின்மீதும் படிந்து செல்லும், வழுக்கலும் குறையும். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் அதிர்வுத் தாங்கி இருக்கும். சில வண்டிகளில் பின்சக்கரத்துக்கும் அது உண்டு. ஈரத்திலும் சேற்றிலும் நன்கு பிடிக்கும் டிஸ்க் பிரேக்குகள் இப்போது பொதுவாகப் பயன்படுகின்றன.

ஒருவர் பின் ஒருவராக மட்டுமே செல்லக்கூடிய குறுகிய தடம் 'ஒற்றைத் தடம்' எனப்படுகிறது. மரங்களுக்கிடையே வளைந்து செல்லும் இத்தகைய தடங்களையே ஓட்டுநர்கள் அதிகம் விரும்புகின்றனர்.

விளையாட்டின் தோற்றம்

இன்றைய மலை மிதிவண்டி ஓட்டம் கலிபோர்னியாவின் மெரின் மாவட்டத்தில் 1970களில் உருவானது. அங்கிருந்த இளைஞர்கள் 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட, தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளில் மலைப்பாதைகளில் இறங்கி விளையாடினர். 1976 அக்டோபர் 21 அன்று 'ரீபேக்' என்ற முதல் இறக்கப் பந்தயம் நடந்தது. செங்குத்தான இறக்கத்தில் பிரேக் சூடேறி, சக்கர அச்சிலுள்ள கிரீஸ் எரிந்துபோகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் இப்பெயர் வந்தது.

பழைய வண்டிகள் இந்த முரட்டு ஓட்டத்தைத் தாங்கவில்லை. ஜோ பிரீஸ் என்பவர் இதற்கெனவே புதிய சட்டங்களைச் செய்தார். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகியோர் 1979இல் 'மவுன்டன் பைக்ஸ்' என்ற பெயரில் விற்பனை தொடங்கினர். 1990இல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில் முதல் உலக வாகையர் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு சேர்க்கப்பட்டது.

விளையாட்டு வளர்ந்தபோதே எதிர்ப்பும் வளர்ந்தது. நடப்போரும் குதிரையில் செல்வோரும் பயன்படுத்திய தடங்களில் மிதிவண்டிகள் வேகமாக வந்ததால் பூசல்கள் எழுந்தன. மெரின் மாவட்டத்திலேயே பல ஒற்றைத் தடங்கள் மிதிவண்டிகளுக்கு மூடப்பட்டன. இந்நிலையில் கலிபோர்னியாவின் ஓட்டுநர் சங்கங்கள் இணைந்து 1988இல் பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கத்தை உருவாக்கின. தடங்களைக் காக்கும் ஒழுங்குகளை ஓட்டுநர்களுக்குக் கற்பிப்பது இச்சங்கத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக இருந்துவருகிறது.

சேற்றுக் காலம்

வெர்மான்ட்டில் குளிர்காலத்துக்கும் வசந்தகாலத்துக்கும் இடையே 'சேற்றுக் காலம்' என்ற ஐந்தாம் பருவம் ஒன்று உண்டு என மக்கள் வேடிக்கையாகச் சொல்வர். இது பெரும்பாலும் மார்ச் மாதத்தில் தொடங்கி, உயரமான இடங்களில் மே இறுதி வரை நீடிக்கும். மாநிலத்தின் சாலைகளில் பாதிக்கும் மேற்பட்டவை மண் சாலைகளாக இருப்பதால் இக்காலத்தில் கார்களும் சேற்றில் புதைவதுண்டு. கனரக வண்டிகளுக்கு உள்ளூர் நிர்வாகங்கள் எடை வரம்பு விதிக்கின்றன.

இதன் காரணம் எளிமையானது. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் ஆழம் வரை உறைந்துவிடுகிறது. வசந்தத்தில் வெயில் படும்போது மண் மேலிருந்து கீழாக உருகுகிறது. மேலே சில அங்குலம் உருகிய நிலையிலும் அதற்குக் கீழே உறைந்த மண் பாறைபோல் இருக்கும். பனி உருகிய நீரும் மழைநீரும் அந்த உறைந்த அடுக்கைத் தாண்டி இறங்க முடியாமல் மேல்மண்ணிலேயே தேங்கிவிடுகின்றன. நெல் வயலில் அடிமண் இறுகி நீரைத் தாங்கி நிற்பதோடு இதை ஒப்பிடலாம். வயலில் அந்த நீர் பயிருக்கு வேண்டியது. தடத்தில் அதுவே கேடாகிறது.

உறைபனி மண்ணின் கட்டமைப்பையும் தளர்த்துகிறது. நீர் உறையும்போது பருமன் கூடுவதால் மண்துகள்கள் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளப்படுகின்றன. பனி உருகியதும் அந்த மண் பொருபொருவென்று இருக்கும். மேற்பரப்பு காய்ந்ததுபோல் தோன்றினாலும் மிதித்தால் அமுங்கிவிடும்.

ஈரத் தடத்துக்கு நேர்வது

ஈரமான தடத்தில் மிதிவண்டி செல்லும்போது சக்கரத்தின் வழியே நீண்ட பள்ளம் விழுகிறது. பள்ளம் இறக்கத்தின் திசையில் அமைவதால் அடுத்த மழையில் அது வாய்க்கால் ஆகிவிடுகிறது. ஓடும் நீர் நுண்மண்ணை அரித்துச் செல்ல, கற்களும் வேர்களும் வெளியே தெரியத் தொடங்குகின்றன. கோடையில் மண் காய்ந்தபின் அந்தப் பள்ளம் அப்படியே இறுகிவிடும்.

மற்றொரு கேடு தடம் அகலமாவது. சேற்றைக் கண்ட ஓட்டுநர் ஓரமாக விலகிச் செல்கிறார். அடுத்தவர் இன்னும் சற்று விலகுகிறார். இரண்டடித் தடம் சில வாரங்களில் பல அடி அகலச் சேற்றுப் பட்டையாக மாறிவிடும். இதனால் ஓரத்துச் செடிகள் அழிகின்றன.

இந்தச் சேதம் மிதிவண்டியால் மட்டும் வருவதன்று. மான்டானா மாநிலத்தில் நடத்தி 1994இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, நடப்போர், குதிரைகள், மோட்டார் சைக்கிள்கள், மிதிவண்டிகள் ஆகியவற்றின் தாக்கத்தை ஒப்பிட்டது. சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்புகளும் மனிதக் கால்களும் அதிக மண்ணைப் பெயர்த்தன என்றும், அவற்றுள் குதிரையின் தாக்கமே மிகுதி என்றும் அது கண்டது. ஆகவே ஈரக்காலக் கட்டுப்பாடு எல்லாருக்கும் பொருந்துவதே. வெர்மான்ட் மாநில நிர்வாகமும் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து மே மாதக் கடைசித் திங்களன்று வரும் நினைவு நாள் வரை உயர்மலைத் தடங்களைத் தவிர்க்குமாறு நடைப்பயணிகளைக் கேட்டுக்கொள்கிறது.

நீரை வெளியேற்றும் தட அமைப்பு

நன்கு அமைந்த தடம் விரைவில் காயும். தடம் அமைப்போர் சில விதிகளைக் கையாளுகின்றனர்.

தடத்தின் சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதாவது 10 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரலாம். மேலும், மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தடத்தின் ஏற்றம் தாண்டக்கூடாது. சரிவு 14 விழுக்காடு என்றால் தடம் 7 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் நீர் தடத்தைக் குறுக்கே கடக்காமல் தடத்தின் வழியாகவே ஓடும்.

தடத்தின் வெளி ஓரம் சற்றுத் தாழ்வாக அமைக்கப்படும். அத்துடன், இறக்கத்தின் நடுவே ஆங்காங்கே சிறிய ஏற்றம் ஒன்றைச் சேர்ப்பர். அந்த இடத்தில் நீர் தேங்காமல் வெளியே வழிந்துவிடும். ஓட்டுநருக்கு அது இனிய துள்ளலாகத் தோன்றும்; தடத்துக்கு அது வடிகால்.

கிங்டம் டிரெயில்ஸ்

வெர்மான்ட்டின் வடகிழக்கில் உள்ள ஓர்லியன்ஸ், எசெக்ஸ், கலிடோனியா ஆகிய மூன்று மாவட்டங்கள் சேர்ந்து 'வடகிழக்கு இராச்சியம்' என அழைக்கப்படுகின்றன. அங்குள்ள ஈஸ்ட் பர்க் என்ற சிற்றூரை மையமாகக் கொண்டு 1994இல் கிங்டம் டிரெயில்ஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இன்று அது 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தடங்களைப் பராமரிக்கிறது. ஓட்டுநர்கள் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். அந்த வருவாய் தடப் பராமரிப்புக்கு உதவுகிறது.

இத்தடங்களின் சிறப்பு, அவை பெரும்பாலும் தனியார் நிலங்களின் வழியே செல்வதாகும். ஏறத்தாழ நூறு நில உரிமையாளர்களின் இசைவால்தான் இந்த வலைப்பின்னல் நிலைத்திருக்கிறது. கட்டணம் வாங்காமல் பொதுமக்களைத் தம் நிலத்தில் அனுமதிப்பவர்களின் சட்டப் பொறுப்புக்கு வெர்மான்ட் சட்டம் வரம்பு வைத்துள்ளது. இது உரிமையாளர்களுக்குத் துணிவு தருகிறது. எனினும் அனுமதி என்பது உரிமையாளரின் விருப்பமே. எந்நேரமும் அது திரும்பப் பெறப்படலாம்.

2019 டிசம்பரில் அப்படியே நடந்தது. டார்லிங் ஹில் பகுதியைச் சேர்ந்த மூன்று நில உரிமையாளர்கள் தங்கள் நிலத்தில் மிதிவண்டிகளுக்கு அளித்த இசைவை விலக்கிக்கொண்டனர். அங்கு ஓட்டுநர்கள் மிகவும் விரும்பிய தடங்கள் சில இருந்தன. சிற்றூரின் விடுதிகளும் உணவகங்களும் மிதிவண்டிக்கடைகளும் அத்தடங்களுக்கு வருவோரை நம்பியவை. எனவே அந்த முடிவின் தாக்கம் ஓட்டுநர்களோடு நிற்கவில்லை. மூடப்பட்ட தடத்தில் ஏப்ரலில் ஒருவர் பதித்துச் செல்லும் சக்கரப் பள்ளம் ஏன் பெரிய செய்தியாகிறது என்பதை இந்நிகழ்வு விளக்குகிறது. நில உரிமையாளர் காலையில் தம் காட்டுக்குச் செல்லும்போது அதைத்தான் முதலில் காண்கிறார்.

வசந்தகாலத்தில் காடு

இந்தப் பருவத்தில் காடு உழைப்புக்கும் உரிய இடமாக இருக்கிறது. இரவில் உறைபனியும் பகலில் சற்று வெப்பமும் இருக்கும் நாட்களில் மேப்பிள் மரங்களில் சாறு ஏறுகிறது. மரத்துக்கு மரம் குழாய்கள் கட்டி அதைச் சேகரிக்கின்றனர். ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் மேப்பிள் பாகு கிடைக்கும். அமெரிக்காவில் மிக அதிகமாக மேப்பிள் பாகு தயாரிக்கும் மாநிலம் வெர்மான்ட். தடங்களுக்கு அருகே இக்குழாய்கள் தாழ்வாகக் கட்டப்பட்டிருக்கலாம். வேகமாக வருபவருக்கு அவை ஆபத்து. அறுந்தால் உரிமையாளருக்கு இழப்பு.

மரங்கள் இலைவிடும் முன் தரைக்கு வெயில் கிடைக்கும் சில வாரங்களில் காட்டுப்பூக்கள் மலர்கின்றன. மூன்று இதழ் கொண்ட டிரில்லியம் செடி விதையிலிருந்து வளர்ந்து முதல் பூப் பூக்க ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். தடத்தின் ஓரத்தில் ஒருமுறை விலகிச் செல்லும் சக்கரம் அத்தனை ஆண்டு வளர்ச்சியை நசுக்கிவிடக்கூடும். பனி விலகிய மழை இரவுகளில் சாலமாண்டர்களும் காட்டுத் தவளைகளும் முட்டையிடத் தற்காலிகக் குட்டைகளை நோக்கி நகர்கின்றன. அப்போது அவை தடங்களைக் கடக்கும்.

எப்போது ஓட்டலாம்?

• திறப்பு அறிவிப்பு: தடத்தைப் பராமரிக்கும் அமைப்பு, தடம் திறந்துள்ளதா என்பதை அறிவிக்கும். அதைப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும்.

• சுவடுச் சோதனை: டயரோ காலணியோ மண்ணில் ஆழமாகப் பதிந்தால் தடம் இன்னும் தயாராகவில்லை. திரும்பிவிடுவது முறை.

• இடத் தேர்வு: தாழ்வான பகுதிகளும், தெற்கு நோக்கிய சரிவுகளும், மணற்பாங்கான மண்ணும் முதலில் காயும். வடக்குச் சரிவுகளிலும் அடர்ந்த ஊசியிலைக் காடுகளிலும் பனி நெடுநாள் தங்கும்.

• இலைகள்: மே மாதத்தில் மரங்கள் இலைவிட்டதும் வேர்கள் மண்ணின் நீரை மிகுதியாக உறிஞ்சுகின்றன. அதன்பின் தடங்கள் விரைவாகக் காய்கின்றன.

• சிறு சேறு: திறந்துள்ள தடத்தில் ஒரு சிறு சேற்றுப் பகுதி வந்தால் ஓரம் ஒதுங்காமல் நடுவே செல்ல வேண்டும், அல்லது இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சேறு தொடர்ந்து வந்தால் திரும்புவதே நல்லது.

காத்திருக்கும் வாரங்களில் தார்ச் சாலைகளில் ஓட்டி உடலைப் பழக்கலாம். குளிர்காலம் முழுவதும் கிடந்த வண்டியின் பிரேக் கட்டைகளையும் சங்கிலியையும் சோதித்து, தேய்ந்தவற்றை மாற்றலாம்.

ஓட்டுநரின் பாதுகாப்பு

ஈரமான வேரும் பாறையும் மிகவும் வழுக்கும். இவற்றின்மீது வண்டியை நேராகச் செலுத்த வேண்டும். பிரேக் பிடிப்பதையும் திடீரெனத் திருப்புவதையும் தவிர்க்க வேண்டும். குளிர்காலத்தில் விழுந்த மரங்கள் வளைவுகளுக்கு அப்பால் கிடக்கலாம் என்பதால் முதல் ஓட்டம் மெதுவாக இருப்பது நலம். தலைக்கவசம் கட்டாயம் அணிய வேண்டும். எதிரே நடப்பவரோ குதிரையோ வந்தால் மிதிவண்டி ஓட்டுநரே வழிவிட வேண்டும்.

லைம் நோய் மிகுதியாகக் காணப்படும் மாநிலங்களுள் வெர்மான்ட்டும் ஒன்று. இந்நோயைப் பரப்பும் உண்ணிகள் வசந்தத்தில் புல்லிலும் சருகிலும் காத்திருக்கும். நோய் தொற்றுவதற்கு உண்ணி பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் உடலில் ஒட்டியிருக்க வேண்டும். எனவே ஓட்டம் முடிந்த அன்றே முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி ஆகிய இடங்களைச் சோதித்தால் பெரும்பாலும் ஆபத்தைத் தவிர்க்கலாம். ஒட்டிய உண்ணியை நுண்ணிடுக்கியால் தோலோடு நெருங்கப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். பின்னர் காய்ச்சலோ, பரவும் சிவந்த தடிப்போ கண்டால் மருத்துவரை அணுக வேண்டும்.