படத்தில் விழுந்த நிழலை எடுக்கலாமா?

2006ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் சம்பூர்ப் பகுதியை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல, 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஊர் திரும்பும்வரை கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களிலேயே காலம் கழித்தன. சுவரில் தொங்கிய படங்கள் வீட்டோடு போயின. அதற்கு முன்னர், 2004இல் சுனாமி கரையோரத்து வீடுகளின் படங்களைக் கொண்டுபோயிற்று. ஆகவே எம்மவர் பலரிடம் தகப்பனாருக்கோ அம்மம்மாவுக்கோ மிஞ்சியிருப்பது ஒரேயொரு படம். அதுவும் தறப்பாள் கொட்டிலின் வாசலில் யாரோ அவசரமாக எடுத்ததாயிருக்கும். ஒரு கன்னம் வெயிலில் வெளுத்திருக்கும். மறு கன்னம் இருட்டில் மறைந்திருக்கும்.

இந்த நிழலை எடுக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். எவ்வளவுக்கு என்பதைத் தெரிந்துகொண்டால் காசும் மிஞ்சும், படமும் பிழைக்கும்.

கணனி ஒரு படத்தை இலட்சக்கணக்கான சிறு புள்ளிகளாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெளிச்ச அளவு உண்டு. முழு இருட்டு 0, முழு வெள்ளை 255. நிழலிலுள்ள கன்னம் 30, 40 என்று பதிவாகியிருந்தால் அதற்குள் கண்ணும் சுருக்கமும் ஒளிந்திருக்கின்றன. அவற்றை வெளியே கொண்டுவரலாம். 0 ஆகிவிட்ட இடத்தில் எதுவும் இல்லை. வெயில் பட்டு 255 ஆகிவிட்ட நெற்றியிலும் அப்படியே. உமியை எவ்வளவு குத்தினாலும் அரிசி வராது.

முதலில் பழைய படத்தைக் கைத்தொலைபேசியில் பிரதி எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம். முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுக்கலாம். நேர் வெயிலும் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். விறாந்தை நிழல் போதும். தொலைபேசியைப் படத்துக்கு நேராகப் பிடியுங்கள். உங்களுக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியொன்றை விரித்துப் பிடித்தால் கண்ணாடியில் வானம் தெரியாது. அந்த முதற் பிரதியை அப்படியே வைத்துவிட்டு, இன்னொரு பிரதியிலேயே வேலை செய்யுங்கள்.

கைத்தொலைபேசிக்கு ஸ்னாப்சீட், கணனிக்கு கிம்ப்; இரண்டு மென்பொருளும் இலவசம். நீலத் தறப்பாளின் கீழ் எடுத்த படத்தில் முகமும் நீலம் பூத்திருக்கும். ஆகவே முதலில் நிறத்தைச் சரிசெய்யுங்கள். படத்தில் ஒரு வெள்ளைச் சேலையோ சட்டையோ இருந்தால் அது வெள்ளையாகத் தெரியும்வரை மாற்றினால் முகமும் தன் நிறத்துக்குக் கிட்ட வரும். அடுத்து, இருண்ட கன்னத்தை மட்டும் தெரிவுசெய்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைக் கூட்டுங்கள். அந்தக் காலத்து ஸ்ரூடியோக்காரர் இருட்டறையில் இதையே செய்தார். தாளில் ஒளி விழும்போது கம்பியில் செருகிய மட்டைத் துண்டொன்றைக் கன்னத்துக்கு மேலே அசைப்பார். அங்கே ஒளி குறைவாக விழ, அச்சில் கன்னம் தெளியும்.

நிழலில் பாதியை எடுத்தால் போதும். முழுவதும் எடுத்தால் மூக்கு தட்டையாகி முகம் மாப்பூசியது போலாகிவிடும். அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் மணல் தூவியது போலப் புள்ளிகளும் கிளம்பும்.

கடையில் கொடுத்துச் செய்விப்பவர்கள் ஒன்றைச் சொல்லிக் கொடுக்கவேண்டும். நிழலை எடுக்கச் சொன்னால் சிலர் நிறத்தையும் எடுத்துவிடுகிறார்கள்! வயலில் கறுத்த முகத்தை வெள்ளையாக்குவதும், மச்சத்தையும் தழும்பையும் அழுக்கென்று துடைப்பதும் திருத்தமல்ல. இப்போது செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் வரும் மென்பொருள்கள் இன்னும் ஒருபடி மேலே போய், தெரியாத கண்ணைத் தாமே வரைந்துவிடுகின்றன. பார்க்க அழகாயிருக்கும், ஆனால் அது உங்கள் மகனுடைய கண் அல்ல. காணாமற்போனவரின் படத்தைக் காணாமற்போனோர் அலுவலகத்துக்கோ வேறெங்கோ கொடுப்பவர்கள் இதில் மிகக் கவனமாயிருக்கவேண்டும். ஆளை அடையாளம் காட்டுவது அந்த மச்சமும் தழும்பும்தான். திருத்தாத பிரதியையும் சேர்த்தே கொடுங்கள்.

தேசிய அடையாள அட்டைக்கு வீட்டில் திருத்திய படம் உதவாது. 2017 முதல், பதிவுசெய்யப்பட்ட ஸ்ரூடியோவில் சர்வதேச நியமப்படி படமெடுக்கவேண்டும். ஸ்ரூடியோ படத்தை நேரே ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களிடம் பற்றுச்சீட்டு தரும். அதைக் கிராம உத்தியோகத்தர் ஊடாகக் கொடுக்கும் விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டும். முகத்திலோ பின்சுவரிலோ நிழல் விழக்கூடாது என்பது அந்த நியமம். ஸ்ரூடியோவை விட்டு வெளியேறுமுன் படத்தைத் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். நிழல் இருந்தால் அங்கேயே இன்னொன்று எடுக்கச் சொல்லலாம்.

இனி எடுக்கும் படங்களுக்கு மென்பொருளே தேவைப்படாமல் செய்யலாம். திருகோணமலையில் சித்திரை வருடப்பிறப்பையொட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகற் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்நேரத்தில் கண்குழி இரண்டும் கறுத்துவிடும். கொண்டாட்டப் படங்களை நாம் அந்நேரம் பார்த்துத்தானே எடுக்கிறோம்! காலை எட்டு மணிக்கு முன்னரோ மாலை நான்கரைக்குப் பின்னரோ எடுங்கள். பகலில் எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஆளை விறாந்தை விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே, முற்றத்தைப் பார்த்தபடி இருத்துங்கள். ஒரு பக்கம் இன்னும் இருட்டாயிருந்தால் அந்தப் பக்கத்தில், படத்துக்குள் வராதபடி, ஒருவர் வெள்ளைத் துணியை விரித்துப் பிடிக்கட்டும். வெறும் உரப்பையின் வெள்ளைப் பக்கமும் அதற்குப் போதும்.