காகிதத்தில் பாசிட்டிவ், கல்லீரலில் என்ன?

கண்புரை நீக்கமோ, கருப்பை அகற்றமோ, எலும்பு முறிவோ, எந்த அறுவை சிகிச்சையானாலும் அதற்கு முன்னதாக எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுவது தமிழக மருத்துவமனைகளில் பரவலான வழக்கமாகிவிட்டதால், உடம்பில் எந்தத் தொந்தரவும் உணராத ஒருவர், ஹெபடைடிஸ் சி வைரஸைக் குறிக்கும் ‘எச்.சி.வி. ரியாக்டிவ்’ என்று அச்சான தாளைக் கையில் வாங்கித் திகைத்து நிற்பது அரிதான காட்சியன்று. ‘வினை காட்டியது’ என்பதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருள் கிடையாது. ஆயினும் ஆய்வகத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அது ‘கல்லீரல் கெட்டுவிட்டது’ என்றும், ‘தொட்டால் ஒட்டிக்கொள்ளும்’ என்றும் வளர்ந்துவிடுகிறது.

எலைசா முறையிலோ, சில நிமிடங்களில் கோடு காட்டும் கார்டு முறையிலோ வழக்கமாகச் செய்யப்படும் இந்த முதற்கட்டப் பரிசோதனை, வைரஸை நேரடியாகத் தேடுவதில்லை. வைரஸ் நுழைந்ததும் அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருளையே தேடுகிறது. வைரஸ் வந்து தங்கிவிட்டவர் ரத்தத்திலும், வந்த வைரஸ் தானாகவே அகன்றுவிட்டவர் ரத்தத்திலும் அந்த எதிர்ப்பொருள் இருக்கும். தொற்றுக்கு ஆளானவர்களில் 15 முதல் 45 விழுக்காட்டினர் ஆறு மாதங்களுக்குள் மருந்தின்றியே விடுபட்டுவிடுகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே, கையிலுள்ள தாள் காட்டுவது, அதிகம் போனால், வைரஸ் நடந்துபோன தடத்தைத்தான்.

அந்தத் தடமும் மெய்யானதுதானா என்பது அடுத்த கேள்வி. 200 பேருக்கு ஒருவர் வீதம் தொற்றுள்ள ஒரு பகுதியில், தொற்றுள்ள எவரையும் தவறவிடாததும், தொற்றில்லாதவர்களில் நூற்றுக்கு 99 பேரைச் சரியாக விலக்கிவிடுவதுமான நல்லதொரு கருவியைக் கொண்டு 10,000 பேரைச் சோதிப்பதாக வைத்துக்கொண்டால், மெய்யாகவே தொற்றுள்ள 50 பேரையும் அது கண்டுபிடிக்கும். எஞ்சிய 9,950 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் ஏறத்தாழ 100 பேரையும் தவறாகச் சுட்டிக்காட்டும். ‘ரியாக்டிவ்’ தாள் வாங்கும் 150 பேரில் 100 பேருக்கு வைரஸ் எக்காலத்திலும் வந்ததே இல்லை! அதே கருவியை, நூற்றுக்குப் பத்துப் பேருக்குத் தொற்றுள்ள ஒரு குழுவில் 10,000 பேரிடம் பயன்படுத்தினால் 1,000 பேருக்கு மெய்யாகவும் 90 பேருக்கு மட்டும் பொய்யாகவும் முடிவு வரும். தாளிலுள்ள சொல் இரண்டு இடங்களிலும் ஒன்றே என்றாலும், அதன் எடை அதை வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. பல ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஹெபடைடிஸ் சி பரிசோதனை ரத்த வங்கிகளில் கட்டாயமாக்கப்பட்ட 2001ஆம் ஆண்டுக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர், ஊசியைப் பகிர்ந்து போதை மருந்து ஏற்றியவர் ஆகியோருக்கு அது வலுவான எச்சரிக்கை. இவற்றில் எதுவுமே பொருந்தாதவருக்கு அது ஒரு சந்தேகக் குறி.

இவ்வளவு பொய் முடிவுகள் வருவது கருவியின் கோளாறால் என்று கருதிவிடலாகாது. தொற்றுள்ள ஒரு பாட்டில் ரத்தம்கூடத் தப்பிவிடக் கூடாது என்பதற்காக ‘கட் ஆஃப்’ எனப்படும் எல்லை மதிப்பு வேண்டுமென்றே தாழ்வாக வைக்கப்படுகிறது; உடலே தன்னைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் போன்ற நிலைகளில் வேறு எதிர்ப்பொருள்கள் அந்த எல்லையைத் தாண்டிவிடுவதும் உண்டு. பல தாள்களில் எல்லை மதிப்பைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். 1.2 போல எல்லையை ஒட்டி நிற்கும் எண் பெரும்பாலும் பொய்யாகவும், அதைப் பல மடங்கு தாண்டிய எண் பெரும்பாலும் மெய்யாகவும் அமைகின்றன என்றாலும், இதற்கான அளவு கருவிக்குக் கருவி வேறுபடுவதால் எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது.

முடிவு கட்டும் தகுதி இரண்டாவது பரிசோதனைக்கே உண்டு. வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை பி.சி.ஆர். முறையில் நேரடியாகத் தேடும் இதை ஆய்வகங்களில் ‘வைரல் லோடு’ என்று குறிப்பிடுவர். ஆர்.என்.ஏ. இருந்தால் தொற்று இப்போது உள்ளது. இல்லையென்றால், அண்மையில் தொற்றுக்கு இடமான நிகழ்வு எதுவும் நேராதவரைப் பொறுத்தவரை, இப்போது தொற்றில்லை. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதங்கள்வரைகூட நீடிக்கக்கூடும் என்பதால், தொற்றுள்ள தாயின் கைக்குழந்தைக்கும் இந்தப் பரிசோதனையே வழிகாட்டும்.

இத்தனை தெளிவான இரண்டாம் படி, நடைமுறையில் யாருடைய பொறுப்பும் இல்லாமல் அந்தரத்தில் நின்றுவிடுவதுதான் கவலைக்குரியது. முதல் பரிசோதனை அறுவை அரங்கின் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டது; அறுவை முடிந்ததும் கோப்பு மூடப்படுகிறது; தாள் மட்டும் நோயாளியோடு வீட்டுக்குப் போகிறது. வைரஸ் இல்லாதவர் தமக்கெனத் தனித் தட்டும் தனித் தம்ளரும் ஒதுக்கிக்கொள்கிறார். உணவாலோ தண்ணீராலோ கட்டித் தழுவுவதாலோ தாய்ப்பாலாலோ இது பரவாது என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. வைரஸ் உள்ளவரோ, ஹெபடைடிஸ் என்றாலே மஞ்சள் காமாலைதான் என்று எண்ணி, சில நாள் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு, கண்ணில் மஞ்சள் இல்லை என்ற நிம்மதியோடு இருந்துவிட, கல்லீரல் சுருங்கி இறுகும் சிரோசிஸை நோக்கி அவர் உடலுக்குள் ஆண்டுகள் சத்தமின்றி நகர்கின்றன. இருவருமே ஏமாற்றப்படுகின்றனர்; இரண்டாமவர் இழப்பது உயிராகவும் இருக்கக்கூடும். இரண்டாம் முடிவு வரும்வரை முதல் முடிவை நோயாளியிடம் சொல்லாமலிருக்கலாமே என்று தோன்றக்கூடும்; முடிவை எக்காரணத்துக்காகவும் நிறுத்தி வைப்பது நோயாளியின் உரிமைக்கு முரண் என்று கூறும் மருத்துவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. எனினும் முதல் முடிவு ‘ரியாக்டிவ்’ என்றால், நோயாளியை மறுபடி அலையவிடாமல், அதே வருகையில் எடுத்த ரத்தத்திலேயே ஆர்.என்.ஏ.வையும் பார்த்துவிட வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் வழிகாட்டியிருப்பது, இங்கும் உடனே கைக்கொள்ளத்தக்கது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இந்நோய்க்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்பதால், செலவைக் காரணம் காட்டுவதற்கும் இடம் குறைந்துவிட்டது.

மருந்தும் இப்போது எளிது: வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகளைப் பெரும்பாலும் 12 வாரம் உட்கொண்டால், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமடைகின்றனர். குணமான பின்னும் எதிர்ப்பொருள் பொதுவாக வாழ்நாள் முழுவதும் ரத்தத்தில் தங்கியிருக்கும் என்பதையும், பத்து ஆண்டுகள் கழித்து வேறோர் அறுவைக்காகவோ வெளிநாட்டு வேலைக்காகவோ சோதித்தால் அதே ‘ரியாக்டிவ்’ மீண்டும் அச்சாகும் என்பதையும் சிகிச்சை முடித்து அனுப்பும் நாளிலேயே அவர்களிடம் விளக்கி, ஆர்.என்.ஏ. இல்லை என்று காட்டும் கடைசி அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கும்படி சொல்லி அனுப்ப வேண்டும்.