குற்றாலத்துக்குக் குட்டி ரயில் வேண்டுமா?

சாரல் எட்டிப் பார்த்தால் போதும், இந்த ஆசையும் கூடவே வந்துவிடும். தென்காசி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஊட்டியில் ஓடுகிற மாதிரி, தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குத் தனியார் யாராவது நேரோ கேஜில் ஒரு பாரம்பரிய ரயில் விடலாமே?" ஊட்டி ரயில் நேரோ கேஜ் அல்ல, மீட்டர் கேஜ். நாளைக்குப் போடப்போகும் தண்டவாளம் எப்படிப் பாரம்பரியம் ஆகும் என்பதும் இருக்கட்டும். மலையில் எதற்காக ஒல்லிப் பாதை போட்டார்கள் என்று பார்த்தாலே பாதி பதில் வந்துவிடும்.

அதற்குச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். ரயிலில் எதிரெதிர்ச் சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுக்கி அடிக்கப்பட்டவை. காரில் உள்ள டிஃபரன்ஷியல் இங்கே கிடையாது. இடது சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வலதும் ஒரு சுற்றுதான். ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் நீளம், உள் தண்டவாளம் குட்டை. பிறகு எப்படித் திரும்புகிறது?

இரண்டு காபி டம்ளர்களை வாயோடு வாய் சேர்த்து டேப் ஒட்டுங்கள். இரண்டு நீளக் குச்சிகளைத் தண்டவாளமாக்கி, லேசாகச் சரித்து வைத்து, மேலே உருட்டிவிடுங்கள். டம்ளர் ஜோடி வலப்பக்கம் ஒதுங்கினால், வலக் குச்சியில் பருத்த பாகமும் இடக் குச்சியில் ஒல்லிப் பாகமும் ஓடும். பருத்த பாகம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும்; ஆகவே ஜோடி இடப்பக்கம் திரும்பித் தானே நடுவுக்கு வரும். அடியோடு அடி ஒட்டிப் பாருங்கள், நாலு விரற்கடை போவதற்குள் விழுந்துவிடும். ரயில் சக்கரமும் டம்ளர்தான், கொஞ்சம் கஞ்சத்தனமான டம்ளர்: 20 மி.மீ. அகலத்துக்கு 1 மி.மீ. சாய்வு. டம்ளர் வாயைச் சுற்றிய மடிப்புதான் சக்கரத்தில் ஃபிளாஞ்ச் எனும் விளிம்பு. வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்க, வெளிச்சக்கரம் தன் பருத்த பாகத்தில் ஓடிக் கூடுதல் தூரத்தைச் சரிக்கட்டுகிறது. ஓடித் தேய்ந்த சக்கரத்தைப் பட்டறையில் கடைந்து பழைய வடிவுக்குக் கொண்டுவருவார்கள். நசுங்கின டம்ளருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பேரீச்சம்பழக்காரரிடம் போட வேண்டியதுதான்.

இனிதான் ருசியான கணக்கு. பாதை கால் வட்டம் திரும்பினால், வெளித் தண்டவாளம் உள்ளதைவிட எவ்வளவு நீளம்? பிராட் கேஜில் இரண்டரை மீட்டருக்கு மேல், மீட்டர் கேஜில் ஒன்றரை மீட்டருக்கு மேல், இரண்டடி நேரோ கேஜில் ஏறக்குறைய 1 மீட்டர். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த வித்தியாசம் மாறாது. பாதையின் அகலம் மட்டுமே தீர்மானிக்கிறது. இறுக்கமான வளைவில் அதைச் சிறிய தூரத்துக்குள் சரிக்கட்ட வேண்டும், அவ்வளவுதான். 175 மீட்டர் ஆர வளைவில் பிராட் கேஜ் சக்கரம் அதற்காக 4 செ.மீ.க்கு மேல் ஒதுங்க வேண்டியிருக்கும். இருக்கும் இடமோ பக்கத்துக்கு ஒரு செ.மீ. அளவுதான். டம்ளர் வித்தை அங்கே பலிக்காது. ஃபிளாஞ்ச் தண்டவாளத்தை உரச, சக்கரம் சறுக்க, அந்தக் கிறீச் சத்தம் பிறக்கிறது. இந்த உரசலுக்கும் ஓர் எல்லை உண்டு: இந்திய ரயில்வேயின் விதிப்படி பிராட் கேஜ் 175 மீட்டர் ஆரத்துக்குக் குறைந்து வளையக் கூடாது. மீட்டர் கேஜுக்கு 109, நேரோ கேஜுக்கு 44. (குட்டை வண்டிகளுக்கும் இதில் பங்குண்டு.) வளைய முடிந்த பாதை மலையை ஒட்டியே போகும், குகையும் பாலமும் குறையும், செலவும் குறையும்.

சரித்திரமும் கொஞ்சம் வேண்டும் என்பார் ஆசிரியர். தனியார் மலை ரயில் ஒன்றும் புதிதல்ல. டார்ஜிலிங் பாதையை 1881இல் முடித்தது பிராங்க்ளின் பிரஸ்டேஜின் தனியார் கம்பெனி. மாத்தேரான் பாதை 1907இல் ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்துப் பணத்தில் வந்தது. நமக்குப் பக்கத்தில் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலைக்காரர்கள் 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, 1908இல் அதை இரண்டடிப் பாதை ஆக்கினார்கள். தேயிலை அங்கிருந்து ரோப்வேயில் போடிப் பக்கம் இறங்கியது. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி ஓட்டப்போவதாகப் பேச்சு மட்டும் எழுந்து எழுந்து அடங்குகிறது.

தென்காசிக்காரர்களுக்குச் சொந்தமான மலைப்பாதை செங்கோட்டை - புனலூர். 1904இல் மீட்டர் கேஜில் வந்தது; 2010இல் நிறுத்தி, 2018இல் பிராட் கேஜாகத் திறந்தார்கள். தென்மலைப் பக்கத்துப் பதிமூன்று கண் பாலத்தை வலுப்படுத்தி அப்படியே வைத்திருக்கிறார்கள். மீட்டர் கேஜ் போனதற்கு இன்றும் கண்ணீர் விடும் பதிவுகளைப் பார்க்கிறேன். சென்னைக்கு ஒரே வண்டியில் போக முடிகிற வசதிக்கு முன்னால் அந்தக் கண்ணீர் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருகிறேன். தென்காசி - குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். வழியெல்லாம் வயலும் தோப்பும். மலையைச் சுற்றி வளைய வேண்டிய அவசியம் ஓரிடத்திலும் இல்லாதபோது நேரோ கேஜின் ஒரே சாமர்த்தியத்துக்கு அங்கே வேலையே இல்லை. சீசன் முடிந்தால் வண்டி ஷெட்டில் தூங்கும். அந்தக் காசுக்கு சீசன் பஸ் கூடுதலாக விடலாம். மலை ரயில்தான் வேண்டும் என்பவர்கள் செங்கோட்டையில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறி, பகவதிபுரம் தாண்டியதும் ஜன்னலோரம் உட்காருங்கள். ஏசி பெட்டியில் கண்ணாடி மூடியிருக்கும், கிறீச் சத்தம் சரியாகக் கேட்காது.