தொப்பூர் இறக்கமும் மைலேஜ் கணக்கும்

புதுக் கார் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். பெட்ரோலும் டீசலும் மட்டும் இருந்தவரை ஒரே எண்ணில் பதில் முடிந்தது. இப்போது மாருதி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் லிட்டருக்கு 27.97 கி.மீ. என்கிறது. 2023-ல் வந்த நெக்ஸான் மின்சாரக் கார் ஒரு சார்ஜுக்கு 465 கி.மீ. என்கிறது. டொயோட்டாவின் ஹைட்ரஜன் கார் மிராய், ஒருமுறை நிரப்பினால் 650 கி.மீ. என்கிறது. ஒரு டீயில் முடிகிற பேச்சு இல்லை இது. இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வகத்தில் காரை உருளைகள் மேல் ஏற்றி, வகுத்துவைத்த வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். நம் நாட்டுச் சோதனையில் ஒரு சுற்று இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. மேடு பள்ளம் கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, ஏசி ஓடாது. எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவுகோல் என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும். தர்மபுரியிலிருந்து சேலம் போய்வர எவ்வளவு ஆகும் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

ஆய்வக எண்ணுக்கும் சாலைக்கும் உள்ள இந்த இடைவெளி வழக்குவரை போயிருக்கிறது. 312 கி.மீ. என்று சான்று பெற்றிருந்த முதல் நெக்ஸான் மின்சாரக் கார் அவ்வளவு ஓடவில்லை என்று வந்த புகாரை அடுத்து, 2021 மார்ச்சில் டெல்லி அரசு அதற்கான மானியத்தை நிறுத்திவைத்தது. அந்த உத்தரவுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். கார்களுக்குள்ளேயே பதிவாகும் எரிபொருள் கணக்கை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-ல் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் ஆய்வக எண்ணைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் குடித்தன. பிளக் செருகி சார்ஜ் ஏற்றும் வகை ஹைபிரிட் கார்களின் புகையோ ஆய்வகக் கணக்கைப் போல மூன்றரை மடங்கு. வாங்கியவர்களில் பலர் சார்ஜ் போடாமல் பெட்ரோலிலேயே ஓட்டியது அதற்கு முக்கியக் காரணம்.

சரி, சக்தி எங்கே போகிறது? ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. சாதாரண பெட்ரோல் கார் ஊருக்குள் ஓடும்போது அதில் கால் பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. மிச்சமெல்லாம் ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாக வெளியேறுகிறது. மின்சாரக் காரில் பேட்டரியிலிருந்து எடுப்பதில் எண்பது சதவீதத்துக்கு மேல் சக்கரத்தைச் சேரும். ஹைபிரிட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் ஓடுவது பெட்ரோல்தான். ஆனால் இன்ஜினைத் திணறாத நிலையில் மட்டும் இயக்கி, நெரிசலில் அணைத்து, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சிறு பேட்டரியில் பிடித்துவைக்கிறது.

அதனால்தான் காலையில் தர்மபுரி நான்கு ரோட்டில் நின்று நின்று போகும்போது ஹைபிரிட்டும் மின்சாரக் காரும் நன்றாகக் கொடுக்கின்றன. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் 110-ல் விரட்டினால் நிலைமை மாறிவிடும். வேகம் 80-லிருந்து 110 ஆகும்போது காற்றின் தடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பிரேக்குக்கு வேலை இல்லாததால் பிடித்துவைக்கவும் ஒன்றும் இல்லை. பெட்ரோல் காருக்கு நெடுஞ்சாலை லாபம், மின்சாரக் காருக்கு ஊர்ச்சாலை லாபம்.

இனி தொப்பூர் கணவாய்க்கு வருவோம். நம் தர்மபுரி மாவட்டத்தில் இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள காரை 100 மீட்டர் உயரம் ஏற்ற வேண்டுமென்றால், சமதளத்தில் ஆகும் செலவு போக, சக்கரத்துக்கு இன்னும் 0.4 யூனிட் வேண்டும். மின்சாரக் கார் அதற்காகப் பேட்டரியிலிருந்து அரை யூனிட் எடுக்கும். பெட்ரோல் காருக்கு ஏறக்குறைய 150 மில்லி பெட்ரோல் ஆகும். அதே 100 மீட்டரை இறங்கும்போது பெட்ரோல் கார் அந்தச் சக்தியை பிரேக்கில் சூடாக்கி விட்டுவிடும். மின்சாரக் காரின் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, கால் யூனிட்டைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். ஒன்றரை கிலோமீட்டருக்கு அது போதும்.

ஹைபிரிட்டுக்கு இங்கே ஓர் எல்லை உண்டு. கிராண்ட் விட்டாராவின் பேட்டரி முழுதாகவே முக்கால் யூனிட்தான், அதிலும் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்த முடியும். நீண்ட இறக்கத்தில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். அதற்குமேல் வருவது வீண். மின்சாரக் காரையும் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வத்தல்மலை உச்சியிலிருந்து இறக்கினால், திரும்பி வரும் சக்திக்கு இடம் இருக்காது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று தொப்பூரில் நியூட்ரலில் இறக்குகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பிரேக் காய்ந்து பிடிக்காமல் போய், எத்தனையோ உயிர்கள் அந்த இறக்கத்தில் போயிருக்கின்றன. இதில் மிச்சமும் கிடையாது. இன்றைய இன்ஜினில் கியரிலேயே ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் தெளிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கத் தொடர்ந்து குடிக்கும்.

ஹைட்ரஜனுக்கு வருவோம். 2022 மார்ச்சில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மிராய் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது பலருக்கு நினைவிருக்கும். புகைக்குழாயில் தண்ணீர்தான் வரும், உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஏறக்குறைய 100 கி.மீ. போகலாம். அந்த ஒரு கிலோவைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். காற்றழுத்தத்தைப் போல 700 மடங்கு அழுத்தித் தொட்டியில் அடைக்க மேலும் சில யூனிட். அதே மின்சாரத்தை நேராகப் பேட்டரியில் ஏற்றினால் 300 கி.மீ. தாண்டிப் போகலாம். உரத்துக்கும் இரும்பு உருக்குவதற்கும் ஹைட்ரஜன் தேவை. வீட்டுக் காருக்கு அது வீண் செலவு.

மின்சாரக் காரின் செலவையும் முழுதாகப் பார்க்க வேண்டும். 100 கி.மீ.க்குப் பேட்டரியிலிருந்து 15 யூனிட் என்றால், சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து வீட்டு மீட்டரில் 17 ஓடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. காருக்கான யூனிட் மேல்படியில் போய் விழும். நிலக்கரி அதிகம் எரியும் நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, 100 கி.மீ.க்கு 12 கிலோ. லிட்டருக்கு 20 கொடுக்கும் ஹைபிரிட்டின் புகையும் அதே அளவுதான். 15 கொடுக்கும் பெட்ரோல் காருக்கு 15 கிலோ. கூரையில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் ஏற்றினால் மின்சாரக் காரின் கணக்கு அடியோடு இறங்கிவிடும். வெயிலுக்கு நம் ஊரில் குறைவில்லை.

என் முடிவு இதுதான். பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என்று மாவட்டத்துக்குள்ளேயே தினமும் ஓடுகிறவர், சொந்த வீடும் சார்ஜ் போட இடமும் உள்ளவர், மின்சாரக் கார் வாங்கலாம். ஊருக்குள் நெரிசலிலும் அடிக்கடி வெளியூர்களுக்கும் ஓட்டுகிறவர், வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லாதவர், ஹைபிரிட் பார்க்கலாம். நெடுஞ்சாலை மட்டும் என்றால் ஹைபிரிட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை திரும்பி வருமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வாங்கும் முன் ஒரு மாதம் இப்போதைய வண்டியில் டேங்க் ஃபுல் செய்து, அடுத்த ஃபுல் வரை ஓடிய கிலோமீட்டரையும் போட்ட லிட்டரையும் போன ஊரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஷோரூமுக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.